98 சதவீதம் என்றால் எத்தனை மரம்?

தென்னை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், சிவப்புக் கூன்வண்டு எவ்வளவு கள்ளத்தனமான பூச்சி என்று. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால், விரிகிற மட்டையில் விசிறி போல வெட்டு தெரிந்துவிடும். கூன்வண்டு சத்தமில்லாமல் வேலையை முடிக்கும். மரத்தில் காயம் இருக்கும் இடமாகப் பார்த்து முட்டையிடும். புழு உள்ளே புகுந்து தண்டின் மென்மையான பகுதியைத் தின்றுகொண்டே போகும். தண்டில் ஓர் ஓட்டை, அதில் வழியும் பழுப்பு நீர், துருத்தி நிற்கும் சக்கை நார் என்று வெளியே அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. சாயாமல் தப்பிய மரங்களிலும் காயம் இருந்தது. காயம்பட்ட மரத்தின் வாடை கூன்வண்டை இழுத்துவரும்.

அனுபவசாலிகள் தண்டில் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே புழு நாரைக் கடித்து மெல்லும் கரகரப்பு கேட்கும். இந்தச் சத்தத்தை உணரியால் பிடித்து, எது புழு, எது காற்று என்று பிரித்தறியக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. பேரீச்சைக்கும் இதே வண்டுதான் எதிரி என்பதால் மேற்கு ஆசியாவில் இதற்கு மவுசு அதிகம். யோசனையில் பிழை எதுவும் இல்லை. அறிவியல் அடிப்படை இருக்கிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். அப்பட்டமான மோசடியைக் கண்டுபிடிப்பது எளிது. அடிப்படை சரியாக உள்ள ஒரு கருவியைச் சுற்றி எப்படி மிகைப்பேச்சு வளர்கிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

நாளைக்கே ஒருவர் இப்படியொரு கருவியைத் தோப்புக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். "ஐயா, 98 சதவீதம் துல்லியம். ஏஐ!" என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோப்பில் 1,000 மரங்கள். அவற்றில் 10 மரங்களில் மட்டும் புழு இருக்கிறது. 98 சதவீதம் என்றால், புழு உள்ள மரத்தை 100-க்கு 98 முறை சரியாகப் பிடிக்கும், புழு இல்லாத மரத்தையும் 100-க்கு 98 முறை சரியாக விட்டுவிடும் என்று பொருள் கொள்வோம். அப்படியானால் நோயுள்ள 10 மரங்களும் ஏறத்தாழ அகப்பட்டுவிடும். நல்லது. மீதி 990 நல்ல மரங்களில் 2 சதவீதத்தை, அதாவது சுமார் 20 மரங்களை, 'புழு இருக்கிறது' என்று கருவி தவறாகக் காட்டும். ஆக மொத்தம் 30 மரங்களில் சிவப்பு விளக்கு எரியும். அவற்றில் 20 மரங்களில் ஒன்றுமே இருக்காது. 98 சதவீதக் கருவி எழுப்பும் எச்சரிக்கையில் மூன்றில் இரண்டு பொய்.

அதே கருவியை வண்டு தலைவிரித்தாடும் வேறொரு தோப்புக்குக் கொண்டுபோங்கள். அங்கே 1,000-இல் 200 மரங்களில் புழு இருக்கிறதென்றால், 196 அகப்படும். நல்ல மரங்கள் 800-இல் 16 மட்டுமே வீணாக மாட்டும். இப்போது எச்சரிக்கையை நம்பலாம். கருவி மாறவில்லை, தோப்புதான் மாறியது. புள்ளியியலில் இதை அடிப்படை விகிதம் என்பார்கள்: தேடுகிற பொருள் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்குப் பொய் எச்சரிக்கைகள் பெருகும். விளம்பரத் தாளில் அச்சிட்ட ஒற்றை எண் இதைச் சொல்லாது. விற்க வந்தவரிடம், "தம்பி, அந்த 98 இருக்கட்டும். என் தோப்புல ஆயிரம் மரத்துக்கு எத்தனை மரத்தைச் சும்மா மருந்து கட்டச் சொல்லும், எத்தனையை விட்டுடும்?" என்று ஒரு விவசாயி கேட்டால், அது ஆய்வுக் கூடத்தில் கேட்கவேண்டிய அதே கேள்விதான்.

எட்டுப் புள்ளியின் பாடம்

98 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த சங்கதி. பயிர்நோய் ஏஐ என்றாலே எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. 'பிளான்ட்வில்லேஜ்' என்ற தொகுப்பில் உள்ள 54,306 இலைப் படங்களைக் கொண்டு மொகந்தி, ஹியூஸ், சலத்தே ஆகியோர் ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் சோதித்தபோது துல்லியம் 99.35 சதவீதம். செய்திகளில் பரவியது இந்த எண். அதே ஆய்வாளர்கள், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் துல்லியம் 31 சதவீதமளவுக்குச் சரிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அது அவ்வளவாகப் பரவவில்லை.

ஏன் சரிந்தது? தொகுப்பிலுள்ள படங்கள் பெரும்பாலும் இலையைப் பறித்து, வெற்றுப் பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் இலைமேல் இலை கிடக்கும், நிழல் விழும், புழுதி படிந்திருக்கும். இன்னொரு காரணத்தை 2022-இல் நோயன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். இலையைப் பார்க்கவே விடாமல், ஒவ்வொரு படத்தின் பின்னணியிலிருந்தும் வெறும் 8 புள்ளிகளை மட்டும் எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் 2.6 சதவீதம்தான் சரியாக வரவேண்டும். வந்தது 49 சதவீதம்! ஒரு நோய்க்கான படங்களை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்திருந்தால் அந்தப் பின்னணியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினி நோயைப் படித்ததா, மேசையைப் படித்ததா என்று துல்லிய எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தத் தொகுப்பில் உள்ள 14 பயிர்கள் எவை தெரியுமா? ஆப்பிள், திராட்சை, தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, மக்காச்சோளம், உருளை, சோயா போன்றவை. நெல் இல்லை, நிலக்கடலை இல்லை, தென்னை இல்லை, முந்திரி இல்லை. இலுப்பூரிலோ கந்தர்வகோட்டையிலோ கடலைச் செடியில் டிக்கா புள்ளி விழுந்தால், அதைப் பற்றி அந்த 99.35 சதவீதத்துக்கு ஒன்றும் தெரியாது.

சட்டையில் குத்திய கருவி

வயலை விட்டு நகரத்துக்கு வருவோம். 2023 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவின் 'ஹியூமேன்' நிறுவனம் 'ஏஐ பின்' என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. நிறுவனர்கள் இம்ரான் சௌத்ரி, பெத்தனி பொஞ்சோர்னோ இருவரும் ஆப்பிளில் வேலை பார்த்தவர்கள். திரட்டிய முதலீடு 23 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய். முதலீட்டாளர் பட்டியலில் மைக்ரோசாஃப்ட்டும் ஓப்பன்ஏஐயின் சாம் ஆல்ட்மேனும் இருந்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளலாம், கேள்வி கேட்டால் பேசும், உள்ளங்கையில் லேசர் ஒளியால் எழுத்துக் காட்டும். இனி செல்போனே வேண்டாம் என்றார்கள். விலை 699 டாலர், அதுபோக மாதம் 24 டாலர் சந்தா.

அறிமுகக் காணொளியிலேயே அது தடுமாறியது. அடுத்த முழுச் சூரிய கிரகணத்தை எங்கே பார்க்கலாம் என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவையும் கிழக்குத் திமோரையும் சொன்னது. 2024 ஏப்ரல் கிரகணம் தெரிந்தது வட அமெரிக்காவில். விளம்பரத்தைத் தயாரித்த ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. 2024 ஏப்ரலில் கருவி கைக்கு வந்தபோது, மெதுவாக இருக்கிறது, சூடாகிறது, தப்பாகச் சொல்கிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆகஸ்ட் மாதம் வந்த செய்தி, புதிதாக விற்பதைவிடத் திரும்பி வருவது அதிகம் என்றது. 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் சொத்துகளை எச்பி நிறுவனம் 11.6 கோடி டாலருக்கு வாங்கியது. பிப்ரவரி 28-ஆம் தேதி சர்வர்கள் அணைக்கப்பட்டன. அத்துடன் விற்ற கருவிகள் எல்லாம் ஊமையாகின. அதன் பிறகும் பேட்டரி அளவைப் பார்ப்பது போன்ற சில வேலைகளைச் செய்யும் என்று நிறுவனம் அறிவித்தது! 2024 நவம்பர் 15-க்குப் பின் அனுப்பப்பட்டவற்றுக்கு மட்டுமே பணம் திரும்பக் கிடைத்தது.

இத்தகைய கருவிக்குள் என்ன நடக்கிறது? நீங்கள் பேசுவதை மைக் பதிவுசெய்கிறது. அந்தப் பதிவு இணையம் வழியே தொலைதூர சர்வருக்குப் போகிறது. அங்கே பேச்சு எழுத்தாகிறது. எழுத்து மொழி மாதிரிக்குப் போகிறது. மாதிரி விடையைத் துண்டு துண்டாக ஊகித்து அடுக்குகிறது. அடுக்கியது மீண்டும் பேச்சாகி உங்களிடம் வருகிறது. ஆக, மூளை சட்டையில் இல்லை. சட்டையில் இருப்பது முக்கியமாக மைக்கும் ஒலிபெருக்கியும் பேட்டரியும்தான். அவை ஏற்கெனவே உங்கள் செல்போனில் இருக்கின்றன. அதே 2024-இல் 199 டாலருக்கு வந்த 'ராபிட் ஆர்1' கருவியின் மென்பொருளைப் பெயர்த்தெடுத்துச் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஓட்டியே காட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் சர்வரில் மின்சாரமும் பணமும் செலவாகும். சந்தா இல்லாமல் நிறுவனம் தாங்காது. சந்தாதாரர்கள் போதாவிட்டால் நிறுவனம் நிற்காது. நிறுவனம் மூடினால் கருவி கல். வாங்கியது பொருள் என்று நினைத்தவர்களுக்கு, தாங்கள் கட்டியது வாடகை என்பது அன்றுதான் தெரிந்தது.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. கணினியில் 'புதுக்கோட்டை' என்ற ஆறெழுத்துச் சொல், ஒருங்குறிக் கணக்கில் 12 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட்டு வீதம் 36 பைட்டு. அதையே ரோமன் எழுத்தில் எழுதினால் 11 பைட்டு. மொழி மாதிரிகள் இந்தப் பைட்டுகளைத் துண்டுகளாகச் சேர்த்துத்தான் கணக்கிடுகின்றன. பயிற்சியில் ஆங்கிலமே மிகுதி என்பதால் ஆங்கிலச் சொற்கள் முழுத் துண்டாகவும், தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாகவும் நறுக்கப்படுகின்றன. துண்டு கூடினால் நேரமும் கூடும், செலவும் கூடும். அண்மைக்கால மாதிரிகளில் இந்த இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. அறந்தாங்கிப் பேச்சை ஆங்கிலத்தில் எடுத்த விளம்பரப் படத்தின் வேகத்தில் ஒரு கருவி புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

பணம் போட்டவர்களுக்குத் தெரியாதா?

இவ்வளவு பெரிய முதலீட்டாளர்கள் யோசிக்காமலா போட்டிருப்பார்கள் என்று கேட்பது இயல்பு. யோசித்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் யோசிப்பது வேறு கணக்கு.

ஒரு துணிகர முதலீட்டு நிதி இருபது முப்பது நிறுவனங்களில் பணம் போடும். பெரும்பாலானவை தேறாது என்பது முதல் நாளே தெரியும். ஒன்றே ஒன்று நூறு மடங்கு பெருகினால் மற்ற நட்டமெல்லாம் அடைபட்டுவிடும். எனவே ஒரு கருவி வேலை செய்யும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றாலும் முதலீட்டாளருக்கு அது நல்ல பந்தயம். அந்தக் கருவியை வாங்குகிறவருக்கோ பத்தில் ஒன்பது பங்கு நட்டம். அவரிடம் இருபது கருவிகள் வாங்கிப் பார்க்கப் பணம் இல்லை. ஆகவே, 'பெரிய ஆட்களே பணம் போட்டிருக்கிறார்கள்' என்பது கருவி வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகாது.

மதிப்பீடு என்று செய்தித்தாளில் வரும் கோடிகளும் இப்படித்தான். ஒருவர் 10 கோடி ரூபாய் கொடுத்து 10 சதவீதப் பங்கு வாங்கினால், ஒரு பொருள்கூட விற்காத நிறுவனம் அன்றே 100 கோடி பெறுமானம் உள்ளது ஆகிவிடும். அடுத்தவர் 50 கோடிக்கு 10 சதவீதம் வாங்கினால் 500 கோடி. முதலாமவரின் பங்கு 9 சதவீதமாகக் குறைந்தாலும், காகிதத்தில் அவருடைய 10 கோடி 45 கோடியாகிவிட்டது. இடையில் உலகத்தில் எதுவும் மாறவில்லை. அடுத்த முதலீட்டாளர் வந்தார், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இந்தப் பாடத்துக்கு நாம் நிறையவே கட்டணம் கட்டியிருக்கிறோம். 2012-இல் பெருந்துறை ஈமு பண்ணைகள் சரிந்தபோது தெரிந்தது என்ன? பணம் வந்தது ஈமு கறியை விற்று அல்ல, அடுத்து வந்த விவசாயிக்குக் குஞ்சு விற்று. முதலீட்டு நிதிகள் செய்வது சட்டப்படியான தொழில். அதை மோசடி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பயன்படுத்துகிறவரின் காசில் ஓடாமல் அடுத்த முதலீட்டாளரின் காசில் ஓடுகிற எந்த நிறுவனத்துக்கும் பொருளைவிடக் கதைதான் முக்கியமாகிறது.

கதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 'பில்டர்.ஏஐ' எடுத்துக்காட்டு. செயலி உருவாக்குவதை ஏஐ எளிதாக்கிவிடும் என்று சொன்ன இந்த லண்டன் நிறுவனத்தின் பெரும்பகுதி வேலையை இந்தியாவில் உள்ள பொறியாளர்களே செய்கிறார்கள் என்று 2019-இலேயே 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. அதற்குப் பிறகும் மைக்ரோசாஃப்ட்டும் கத்தார் நாட்டு முதலீட்டு அமைப்பும் பணம் போட்டன. 45 கோடி டாலருக்கும் மேல் திரட்டிய நிறுவனம், வருவாயைக் கூட்டிக் காட்டியது தெரியவந்து, 2025 மே மாதம் திவாலானது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், இல்லாத ஏஐயை இருப்பதாகச் சொன்னதற்காக இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களிடம் மொத்தம் 4 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. திரட்டப்படும் தொகைகளுக்கு முன் இந்த அபராதம் சில்லறைக் காசு.

பொறுமையாக வந்தவை

இதற்காக ஏஐ எல்லாமே வெற்றுப்பேச்சு என்று முடிவுகட்டுவதும் சோம்பேறித்தனம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படுவதைப் படத்தைப் பார்த்துக் கண்டறியும் கூகுள் மாதிரியின் ஆய்வு 2016 டிசம்பரில் வெளிவந்தது. அதன் பயிற்சியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இருந்தன; 54 கண் மருத்துவர்கள் உட்கார்ந்து படங்களைத் தரம் பிரித்தார்கள். பின்னர் இவ்விரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து, மருத்துவர்களின் கணிப்போடு ஒப்பிட்டு, முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். அப்படி வந்த கருவியே தாய்லாந்தின் கிராமப்புற மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் 'தரம் போதாது' என்று தள்ளிவிட்டது. அறையில் போதிய இருட்டு இல்லை, இணையம் மெதுவாக இருந்தது. குறை என்ன என்று களத்தில் போய்ப் பார்த்து 2020-இல் எழுதியவர்கள் கூகுள் ஆய்வாளர்களே. உண்மையான தொழில்நுட்பம் இப்படித்தான் நகரும்: ஒரு அடி, ஒரு சோதனை, ஒரு திருத்தம்.

புதுக்கோட்டை புதிய கருவிக்குப் பயந்த ஊரும் அல்ல. 1991-இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில், இம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத்தின் கணக்குப்படி, குறைத்து மதிப்பிட்டாலும் ஒரு லட்சம் பேர். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சர் ஒட்ட ஊரிலேயே கடை இருந்தது. தயாரித்த கம்பெனி மூடினாலும் சைக்கிள் ஓடும். கருவி வேலை செய்கிறதா என்பதை ஓட்டியவரே ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டார். ஆரம்பத்தில் எல்லாத் தொழில்நுட்பமும் அரைகுறையாகத்தானே இருக்கும் என்று ஏஐ கருவிகளுக்காக வாதாடுகிறார்கள். முதலில் வந்த செல்போன் செங்கல் கனமும் யானை விலையும் இருந்தது உண்மை. ஆனால் தருவதாகச் சொன்ன ஒரே வேலையை, பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை, அது முதல் நாளிலிருந்தே செய்தது.

சரி, ஊராட்சிக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ ஒருவர் ஏஐ கருவியோடு வந்தால் எதைவைத்து முடிவெடுப்பது? இதற்குப் புதிதாகச் சட்டம் எழுதத் தேவையில்லை. ஆலங்குடிப் பக்கம் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 'வம்பன் 8' உள்ளிட்ட உளுந்து ரகங்கள் அங்கே உருவானவை. ஒரு புதிய உளுந்து ரகம் வெளியாவதற்கு முன் ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை, பின்பு பல இடங்களில் சோதனை, அதற்கும் பின்பு விவசாயிகளின் சொந்த வயலில் சோதனை என்று பல பருவங்களைக் கடக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் பக்கத்திலேயே பழைய ரகம் ஒன்றை விதைத்து ஒப்பிடுவார்கள். பழையதைவிட விளைச்சலோ நோய் தாங்கும் திறனோ மேம்படவில்லை என்றால் புதியது வெளியே வராது.

ஒரு கைப்பிடி உளுந்துக்கு வைக்கிற இந்தச் சோதனையை லட்ச ரூபாய்க் கருவிக்கும் வைக்கலாமே. கூன்வண்டுக் கருவியா? ஒரு பருவம், நம் மாவட்டத்தின் இருபது தோப்புகள். ஒப்பிடுவதற்குப் பழைய ரகமாக, தண்டில் காது வைத்துக் கேட்கும் அனுபவசாலிகள் இருக்கட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் கருவியும் அவர்களும் சொன்னதைத் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். கருவி விட்டுவிட்டவை எத்தனை, வீணாக மாட்டிவிட்டவை எத்தனை, ஒரு மரத்தைக் காப்பாற்ற ஆன செலவு எவ்வளவு, கம்பெனி மூடிவிட்டால் எந்தெந்த வேலை நிற்கும் என்ற நான்கு விவரங்களையும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும். பருவம் முடியும்வரை சோதனைச் செலவு விற்பவருடையது. கருவியை நம்பிக் கோடிகள் போட்டவர்களுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. இதற்கும் தயங்கினால், அந்தக் கருவியைப் பற்றி அவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது தெரிந்துபோகும்.